கசகஸ்தான் புல்வெளி: கரிசலா, தரிசா?

கரிசல்காட்டுக்காரன்

வணக்கம். விளாத்திகுளத்துக்குக் கிழக்கே பதினெட்டு ஏக்கர் மானாவாரிக் கரிசல் வைத்திருக்கிறேன். உளுந்து, மிளகாய், சில ஆண்டுகளில் மக்காச்சோளம். அண்ணன் மகள் கசகஸ்தானில் கரகந்தா என்ற நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். போன ஞாயிறு தோழிகளோடு வடக்கே பெட்ரோபாவல் நோக்கி ரயிலில் போகும்போது வீடியோவில் அழைத்தாள். நாற்பது நிமிடம் பேசினோம். நாற்பது நிமிடமும் ஜன்னலில் ஒரே காட்சி. வரப்பு இல்லை, வேலி இல்லை, பனைமரத்தை விடுங்கள், ஒரு முள்மரம்கூட இல்லை. அறுவடை முடிந்து உழுது போட்ட இடத்தைக் காட்டி, "சித்தப்பா, நம்ம ஊர் மண் மாதிரியே கறுப்பு" என்றாள்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. தமிழ்நாட்டைப் போல இருபது மடங்குக்கு மேல் நிலம். மக்கள் 2 கோடிதான். கறுப்பு மண் வேறு. ஆனால் கோதுமை ஏக்கருக்கு நாலைந்து குவிண்டால்தான் விளைகிறது என்கிறார்கள். நல்ல மண்ணில் ஏன் இந்த விளைச்சல்? இவ்வளவு நிலம் ஏன் சும்மா கிடக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்வாசகர்

ஐயா, நிறத்தை நம்பி மண்ணுக்குப் பெண் கொடுக்கக் கூடாது. முப்பது ஆண்டுகள் மண்ணியல் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நம் கரிசலும் அங்குள்ள செர்னோசெமும் பார்வைக்குத்தான் உறவு. செர்னோசெம் என்ற ரஷ்யச் சொல்லுக்கும் கறுப்பு மண் என்றே பொருள். ஆனால் நம் கரிசலின் கறுப்பு பெரும்பாலும் களிமண்ணிலிருந்தும் இரும்பு, டைட்டானியம் கலந்த கனிமங்களிலிருந்தும் வருவது. அதில் மக்கு, அதாவது செடிகொடி மக்கிச் சேர்ந்த சத்து, மிகக் குறைவு. கரிமச் சத்து ஒரு சதவீதத்தைத் தொட்டாலே பெரிது. உங்கள் நிலத்தில் சித்திரையில் கால் நுழையும் அளவு வெடிப்பு விழுகிறதே, அது களிமண்ணின் குணம்.

செர்னோசெமின் கறுப்பு முழுக்க மக்கு. வட கசகஸ்தானில் 4 முதல் 8 சதவீதம் வரை இருக்கும். அதைச் செய்தது புல். அங்குள்ள இறகுப்புல்லுக்கு மண்ணுக்கு மேலே தெரிவதைவிட மண்ணுக்குள் எடை அதிகம். ஆண்டுதோறும் வேரில் ஒரு பகுதி சாகிறது. அதை அரித்துத் தின்ன வேண்டிய நுண்ணுயிர்கள் ஐந்து மாதம் உறைந்து கிடக்கின்றன. கோடையில் ஈரமில்லாமல் சோர்ந்து போகின்றன. வரவு நிற்பதில்லை, செலவு குறைவு. இப்படியே பல ஆயிரம் ஆண்டுகள் சேர்த்த சேமிப்பு அது.

ஒரு திருத்தம். உங்கள் மகள் பார்த்தது வடக்கே இருக்கும் மண். கரகந்தா பக்கம் நிறம் கரும்பழுப்புக்கு இறங்கிவிடும். கஷ்கொட்டை மண் என்பார்கள். ஒரு பிடி எடுத்து நனைத்து உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கரிசல் என்றால் விரலை விடாது. அது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

விளைச்சலுக்கு வருகிறேன். அங்கே பற்றாக்குறை மண்ணில் இல்லை, தண்ணீரில். அதை வரைபடப்பித்தன் நன்றாகச் சொல்வார்.

வரைபடப்பித்தன்

அழைத்ததால் வந்தேன்.

உலக உருண்டையில் தன்யூப் ஆற்றின் வாயில் விரலை வைத்து, கிழக்கே மஞ்சூரியா வரை இழுங்கள். ஏறத்தாழ 8,000 கி.மீ. நடுவில் ஒன்றிரண்டு மலைகள் குறுக்கிட்டாலும் புல் விடாமல் தொடர்கிறது. அந்தப் பட்டையின் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறது கசகஸ்தான். பரப்பு 27 இலட்சம் சதுர கி.மீ.; கடலே இல்லாத நாடுகளில் இதுதான் பெரியது.

கடல் இல்லை என்பதில்தான் கதை முழுவதும் இருக்கிறது. தலைநகர் அஸ்தானாவும் லண்டனும் ஏறத்தாழ ஒரே அட்சரேகை, 51 டிகிரி. லண்டனில் ஜனவரி சராசரி 5 டிகிரிக்குப் பக்கம். அஸ்தானாவில் மைனஸ் 14. மேற்கே அட்லாண்டிக்கில் நிறைத்துக்கொண்டு புறப்பட்ட குடம், ஐரோப்பா முழுக்கச் சிந்திச் சிந்தி, இங்கே வந்து சேரும்போது அடியில் ஒட்டியதுதான் மிச்சம். தெற்கிலிருந்து நம் இந்தியப் பெருங்கடல் ஈரம் வரலாமே என்றால் இமயம், பாமீர், தியான்ஷான் என்று மூன்று மதில்கள். குளிர்காலத்தில் சைபீரியாவின் மேல் கனமான குளிர்காற்று உயரழுத்தமாக வந்து உட்கார்ந்துவிடும். வானம் தெளிவாக இருக்கும். பனியும் அப்படியொன்றும் கொட்டாது. குளிர் மட்டும் கொல்லும்.

வடக்கே ஆண்டுக்கு 300 மி.மீ. சுற்றி. கரிசல்காட்டுக்காரர் பக்கத்தில் அதைப் போல இரு மடங்குக்கு மேல் பெய்யும். தெற்கே போகப் போக அது 200, 150 என்று தேய்ந்து, புல் குட்டையாகி, மாசிப்பத்திரி இனச் செடிகளும் உப்புச்செடியும் வந்து, கடைசியில் பாலை. மழைக்கோட்டைப் பார்த்தே செடியைச் சொல்லிவிடலாம்.

ஆறுகளும் விசித்திரம். எசில், தோபல், இர்திஷ் மூன்றும் வடக்கே ஓடி ஆர்க்டிக் கடலில் சேர்கின்றன. நூரா என்ற ஆறு கடலையே பார்க்காமல் தெங்கிஸ் என்ற உப்பேரியில் முடிகிறது. அந்த ஏரியில் பூநாரைகள் கூடு கட்டுகின்றன. உலகில் பூநாரை முட்டையிடும் வடகோடி இடம் அது. கோடியக்கரையில் நாம் பார்க்கும் அதே இனம். மைனஸ் 40 வரை போகும் நாட்டில் பூநாரை என்பதை நான் முதலில் நம்பவே இல்லை. யுனெஸ்கோ 2008-இல் அந்த ஏரியையும் சுற்றியுள்ள ஸ்டெப்பி என்ற புல்வெளியையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கரகந்தா2011

உங்கள் மகள் படிக்கும் ஊரில் 2011 முதல் ஆறு ஆண்டுகள் இருந்தேன் ஐயா. இப்போது திண்டுக்கல்லில் மருத்துவராக இருக்கிறேன்.

காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. காற்றில்லாத மைனஸ் 35-ஐச் சமாளித்துவிடலாம். மூக்கின் உள்ளே முடி விறைக்கும், கண்ணிமைகள் ஒட்டும், அவ்வளவுதான். காற்றோடு வரும் மைனஸ் 15 வேறு விஷயம். மரமில்லாத நிலத்தில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. புரான் என்பார்கள், பனிப்புயல். கீழே கிடக்கும் பனியை அது கிளப்பிவிட்டால் வானமும் தரையும் ஒன்றாகிவிடும்.

இரண்டாம் ஆண்டு ஜனவரியில் அஸ்தானாவிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் சாலையை மூடிவிட்டார்கள். ஒன்பது மணி நேரம் நின்ற இடத்திலேயே. ஓட்டுநர் எஞ்சினை அணைக்கவில்லை. டீசல் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் மூச்சு ஜன்னலின் உள்பக்கம் விரல் கனத்துக்கு உறைந்திருந்தது. பக்கத்து இருக்கைப் பாட்டி பையிலிருந்து வெள்ளை உருண்டை ஒன்றைக் கொடுத்தார். சுண்ணாம்புக் கட்டி என்றே நினைத்தேன். தயிரை வடித்து, உப்புப் போட்டு, உருட்டிக் காய வைத்தது. குருத் என்று பெயர். கடித்தால் பல் போய்விடும். கன்னத்தில் ஒதுக்கி வைத்தால் அரை மணி நேரம் புளிப்பு ஊறிக்கொண்டே இருக்கும். அன்று இரவு எனக்கு அதுதான் சாப்பாடு.

அஸ்தானாவைச் சுற்றி ஏறத்தாழ ஒரு இலட்சம் ஹெக்டேரில் மரம் நட்டு வளர்த்திருக்கிறார்கள், காற்றை மட்டுப்படுத்தத்தான். வரிசை வரிசையாக நிற்கும் அந்த மரங்களைப் பார்த்தால், இராணுவத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது போல இருக்கும்.

தராசு

எல்லோரும் உருகுகிறீர்கள். நான் துபாயில் தானிய வணிகம் செய்கிறவன். சில கணக்குகளை வைக்கிறேன்.

1954 வரை அந்த நிலத்தின் பெரும்பகுதியில் கலப்பை பட்டதில்லை. சோவியத் தலைவர் குருஷ்சேவ் "கன்னி நிலம்" திட்டத்தைத் தொடங்கினார். ஆறேழு ஆண்டுகளில் கசகஸ்தானில் மட்டும் ஏறத்தாழ 2.5 கோடி ஹெக்டேர் உழுதார்கள். 1956-இல் நூறு கோடி பூது (பழைய ரஷ்ய எடை அளவு) தானியம், அதாவது 1.6 கோடி டன்னுக்கு மேல். இன்றும் அந்த வயல்தான் உஸ்பெகிஸ்தானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் ரொட்டி போடுகிறது. கோதுமை மாவு ஏற்றுமதியில் உலகின் முன்வரிசை நாடு அது. ஏக்கருக்கு நாலு குவிண்டால் என்று குறை சொல்கிறீர்கள். ஒரு பண்ணைக்கு எத்தனை ஆயிரம் ஹெக்டேர் என்று கேளுங்கள். செலவு குறைவு, பரப்பு அதிகம், புரதம் அதிகமுள்ள கெட்டிக் கோதுமை. வணிகத்தில் இது வெற்றி. தரிசாகக் கிடந்ததைப் பயிராக்கியதில் என்ன தவறு?

பழையநோட்டு

"கன்னி நிலம்" என்ற சொல்லைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன். எங்கள் வீட்டுக்குச் சோவியத் பத்திரிகைகள் வரும். வழவழப்பான தாள், ஜூன் மாதம் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட அதற்குத்தான் போட்டி. என் கணக்கு நோட்டின் மேல் ஓராண்டு முழுக்கக் கோதுமை வயலில் வரிசையாக ஓடும் அறுவடை இயந்திரங்கள் இருந்தன. அவ்வளவு மஞ்சளை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

மண்வாசகர்

அந்தப் படத்தை எடுத்தவர் 1960-களின் தொடக்கத்தில் மீண்டும் போயிருந்தால் வேறு படம் கிடைத்திருக்கும்.

உக்ரைனில் பழகிய பலகைக் கலப்பையை அப்படியே கொண்டுவந்து மண்ணைப் புரட்டினார்கள். வேர்ப்பின்னல் அறுந்தது. ஒன்றிரண்டு வறட்சி வந்ததும் மேல்மண் எழுந்து பறந்தது. பல இலட்சம் ஹெக்டேர் காற்றரிப்பில் மாட்டியது. அமெரிக்காவின் சமவெளிகளில் 1930-களில் இதேபோல மேல்மண் பறந்ததைப் படித்தவர்களுக்கு இது புதிதில்லை; திட்டம் போட்டவர்கள் படித்திருந்தார்களா என்பதுதான் கேள்வி.

தராசு சொல்லாமல் விட்ட பெயர் ஒன்று உண்டு: அலெக்சாந்தர் பராயெவ். ஷோர்தாந்தி என்ற ஊரில் தானிய ஆய்வு நிலையத்தை நடத்தியவர். மண்ணைப் புரட்டாதே, அடியில் மட்டும் அறுத்துவிடு, அறுத்த பயிரின் தாளை நிற்க விடு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு கொடு என்றார். இதைச் சொன்னதற்காகக் குருஷ்சேவின் கோபத்துக்கும் ஆளானார். 1972-இல் அதே வேலைக்கு லெனின் பரிசு கிடைத்தது. இன்றைக்குத் தராசு வாங்கும் கோதுமை 1954-இன் முறையில் விளைந்ததில்லை. பராயெவின் முறையில் விளைந்தது.

கரிசல்காட்டுக்காரருக்கு ஒரு காட்சி. நாம் குளத்தில் தண்ணீரைத் தேக்குகிறோம். அவர்கள் வயலிலேயே பனியைத் தேக்குகிறார்கள். காற்று பனியை வழித்துக்கொண்டு போய்விடும் என்பதால், குளிர்காலத்தில் டிராக்டரில் பனிக்கலப்பை கட்டி, பனியையே வரப்பு வரப்பாக ஒதுக்குவார்கள். அறுத்த தாளை உயரமாக விட்டுவைப்பதும் அதற்குத்தான். ஓய்வு நிலத்தில் கடுகைக் கீற்றுக் கீற்றாக விதைத்து, காய்ந்த தண்டை வேலிபோல நிற்க விடுவதும் உண்டு. ஏப்ரலில் அந்தப் பனி உருகி மண்ணுக்குள் இறங்குவதுதான் பாதிப் பயிர். விதைப்பு மே மாதத்தின் பிற்பகுதியில். முன்னால் விதைத்தால் ஜூன் வறட்சியில் கருகும். ஜூலை மழை வருவதற்குள் பயிர் தயாராக இருக்க வேண்டும். தள்ளிப்போட்டால் செப்டம்பரில் உறைபனி. சுமார் பத்து நாள் ஜன்னல் ஒன்று திறந்து மூடுகிறது.

கரிசல்காட்டுக்காரன்

பனியை வரப்புக் கட்டுகிறார்களா! எங்கள் தாத்தா கோடை உழவு செய்த நிலத்தைப் புரட்டாசியில் காட்டி "மழையைப் படுக்க வைக்கப் பாய் விரித்திருக்கிறேன்" என்பார். அதே புத்திதான்.

கோமாரி

கால்நடை மருத்துவன். பெயரைப் பார்த்து யாரும் தள்ளி நிற்க வேண்டாம்.

"தரிசு" என்ற சொல்லில்தான் எனக்கு வழக்கு. அந்த நிலம் ஒரு நாளும் தரிசாக இருந்ததில்லை. அதன் பயிர் இறைச்சி, பால், தோல், கம்பளி. குதிரை, ஒட்டகம், மாடு, ஆடு என்று நான்கு வகைச் செல்வம் கசாக்குகளுக்கு. கோடையில் வடக்குப் புல், குளிரில் தெற்கே பனி குறைந்த மேய்ச்சல். சில குலங்கள் ஆண்டுக்குப் பல நூறு கி.மீ. நடந்தன. எந்தப் புல்லும் ஒரே இடத்தில் ஆண்டு முழுக்கப் போதாது என்று தெரிந்தவர்களின் ஏற்பாடு அது.

பனியில் மேய்க்கும் வரிசையைக் கேளுங்கள். முதலில் குதிரை. குளம்பால் பனியைத் தோண்டிப் புல்லின் நுனியைத் தின்னும். அது திறந்துவிட்ட இடத்தில் பிறகு மாடும் ஆடும். குதிரை இல்லாத மந்தை பனிக்காலத்தில் பட்டினி. கறவைக்கும் சவாரிக்கும் மேலே, குதிரை அவர்களுக்கு மண்வெட்டியும்தான்.

அந்த மண்வெட்டியும் உடையும் ஆண்டு ஒன்று வரும். பனி சற்றே உருகி மறுபடி உறைந்தால், புல்லுக்கு மேலே கண்ணாடிபோல் பனிக்கட்டித் தகடு படிந்துவிடும். குளம்புக்கு அது உடையாது, புல் கிடைக்காது. இதுதான் ஜுத். "ஜுத்துக்கு உடன்பிறப்பு ஏழு" என்பது கசாக் பழமொழி. பஞ்சம் தனியாக வராது என்பார்களே, அதுபோல.

1930 முதல் 1933 வரை வந்த பஞ்சத்துக்கு ஆனால் வானம் காரணமில்லை. சோவியத் ஆட்சியாளர்கள் மந்தைகளைப் பறித்துக் கூட்டுப்பண்ணைக்கு ஓட்டினார்கள். நடந்துகொண்டே இருந்தவர்களை ஓரிடத்தில் உட்கார வைத்தார்கள். பத்தில் ஒன்பது பங்கு கால்நடை அழிந்தது. ஏறத்தாழ 15 இலட்சம் பேர் செத்தார்கள். தராசு அவர்களே, 1954-இல் அந்த நிலம் காலியாகத் தெரிந்ததற்கு, இருபது ஆண்டுகளுக்கு முன்னால் அதைக் காலி செய்ததும் ஒரு காரணம்.

தராசு

பஞ்சத்தை நான் மறுக்கவில்லை. ஸ்டாலின் காலத்துக் குற்றத்தை 1954-இன் உழவர்கள் தலையில் எழுத முடியாது. அவர்களில் பாதிப்பேர் கூடாரத்தில் படுத்து, பனியில் வதங்கியவர்கள். பராயெவ் விஷயத்தில் மண்வாசகர் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 1991-இல் சோவியத் உடைந்த பிறகு பயிர்ப்பரப்பு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. மானியம் போனதும் வறண்ட விளிம்பு நிலங்களைக் கைவிட்டார்கள். ஆக, எந்த நிலம் உழவுக்குத் தகுதி, எது இல்லை என்பதைக் கடைசியில் சந்தைதான் பிரித்துக் காட்டியது. இதையும் எழுதுங்கள்.

கோமாரி

எழுதுகிறேன். அதே சந்தை அதே பத்தாண்டில் ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஆடுகளை ஒரு கோடிக்கும் கீழே கொண்டுவந்தது என்பதையும் சேர்த்து.

மட்டுறுத்துநர்

இருவரும் நன்றாகவே பேசுகிறீர்கள். ஸ்டாலின், சந்தை என்று இழை அரசியல் பகுதிக்குப் போய்விட வேண்டாம். நிலத்துக்குத் திரும்புவோம். வளங்கள் பற்றி இன்னும் யாரும் தொடவில்லை.

கரகந்தா2011

கரகந்தா என்ற பெயரே கரகானா என்ற மஞ்சள் பூப் புதரிலிருந்து வந்தது. புதருக்குக் கீழே நிலக்கரி. என் விடுதி அறையிலிருந்து பார்த்தால் சுரங்கக் கழிவுக் குன்றுகள் தெரியும். தட்டையான ஊரில் மலை என்று சொல்லிக்கொள்ள அவைதான். 2023 அக்டோபரில் அங்கே ஒரு சுரங்கத்தில் நடந்த விபத்தில் 46 பேர் இறந்தபோது, நான் படித்த காலத்தில் எனக்கு ரஷ்ய மொழி பழக்கிய பக்கத்து வீட்டுத் தொழிலாளியைத்தான் முதலில் நினைத்தேன். அவர் ஓய்வுபெற்றுவிட்டார், தப்பித்தார்.

வடகிழக்கே எகிபாஸ்துஸ். திறந்தவெளிச் சுரங்கம். சாம்பல் நிறைந்த கரி என்பதால் வெகுதூரம் கொண்டுபோவதில் பயனில்லை. பக்கத்திலேயே எரித்து மின்சாரமாக்குகிறார்கள். அங்குள்ள ஒரு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி 419.7 மீட்டர், உலகிலேயே உயரமானது. செம்பு ஜெஸ்கஸ்கானில், இரும்பு ருத்னியில், குரோமியம் அக்தோபே பக்கம்.

இதற்கெல்லாம் தண்ணீர்? அதைத்தான் யாரும் முதலில் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். இர்திஷிலிருந்து கரகந்தாவுக்கு 458 கி.மீ. கால்வாய் வெட்டினார்கள். நிலம் மேடு, தண்ணீர் தானாக வராது. வழியெல்லாம் பம்பு வைத்து ஏற்றுகிறார்கள். நான் ஆறு ஆண்டுகள் குளித்தது படியேறி வந்த தண்ணீர்.

வரைபடப்பித்தன்

யுரேனியத்தை விட்டுவிட்டீர்கள். உலகில் வெட்டியெடுக்கும் யுரேனியத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் கசகஸ்தானுடையது. 2009 முதல் முதலிடம். "வெட்டியெடுக்கும்" என்பதே தவறு, வெட்டுவதில்லை. தெற்கே சூ–சரிசு படுகையில் குழாய் இறக்கி, நீர்த்த கந்தக அமிலத்தை மணற்படுகைக்குள் செலுத்தி, கரைந்து வருவதை மேலே உறிஞ்சுகிறார்கள். மேலே பார்த்தால் குழாய்த் தலைகள் மட்டும். இந்தியாவும் அங்கிருந்து வாங்கியிருக்கிறது. கொஞ்சம் கறாராகச் சொன்னால் அந்த இடம் ஸ்டெப்பி இல்லை, பாலை. எண்ணெய் கிடைக்கும் தெங்கிஸ் வயலும் அப்படித்தான், காஸ்பியன் ஓரத்துப் பாதிப்பாலை. பூநாரை ஏரிக்கும் அதற்கும் பெயர்தான் ஒன்று.

இவ்வளவு யுரேனியம் வைத்திருக்கும் நாட்டில் இன்று ஓர் அணுமின் நிலையம்கூட ஓடவில்லை. அக்தாவில் இருந்ததை 1999-இல் மூடினார்கள். புதிதாகக் கட்டலாமா என்று 2024 அக்டோபரில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 71 சதவீதம் சம்மதம்.

தயக்கத்துக்குக் காரணம் செமிபலத்தின்ஸ்க். காலி நிலம் என்று எண்ணியவர்களில் உழவர்கள் மட்டும் இல்லை. 1949 முதல் 1989 வரை அங்கே 456 சோவியத் அணுகுண்டுச் சோதனைகள். ஏறத்தாழ 18,000 சதுர கி.மீ. ஸ்டெப்பி. சுற்றி ஊர்கள் இருந்தன, மேய்ச்சல் நடந்தது. 1991 ஆகஸ்ட் 29 அன்று மூடினார்கள்.

சேலம்மாணவி

நான் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன். ஸ்டெப்பி யூரேசியா, பிரெய்ரி வட அமெரிக்கா, பாம்பாஸ் அர்ஜென்டினா, வெல்ட் தென் ஆப்பிரிக்கா, டவுன்ஸ் ஆஸ்திரேலியா என்று வாய்ப்பாடு போல வைத்திருந்தேன். ஒரு மதிப்பெண்தான். இந்த இழையைப் படித்த பிறகு அந்த வரி வாயில் வர மறுக்கிறது. விலங்குகள் பற்றி யாராவது எழுதுங்களேன்.

கோமாரி

தேர்வில் வாய்ப்பாட்டையே எழுதுங்கள் அம்மா. மதிப்பெண் முக்கியம்.

விலங்கு என்றால் சைகா மான். ஆட்டளவு இருக்கும், மூக்கு மட்டும் குட்டையான தும்பிக்கை போலத் தொங்கும். கோடையில் மந்தை கிளப்பும் புழுதியை வடிகட்டவும், குளிரில் காற்றைச் சூடாக்கி நுரையீரலுக்கு அனுப்பவும் அந்த மூக்கு. கொம்பு சீன மருந்துக்குப் போகிறது என்பதால் 1990-களில் வேட்டையாடித் தீர்த்தார்கள். 2003 வாக்கில் கசகஸ்தானில் இருபதாயிரம் சொச்சம்தான் மிச்சம். காப்பாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள்.

2015 மே. குட்டி போடும் பருவம். பெண்மான்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் கூடும். மூன்றே வாரத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேல் செத்தன. ஒரு மந்தையில் நோய் தெரிந்தால் அந்த மந்தையே மிஞ்சவில்லை. தாய்மானிடம் பால் குடித்துக்கொண்டே குட்டியும் சாய்ந்தது. ராக்கெட் எரிபொருள், விஷம் என்றெல்லாம் பேச்சு வந்தது. பரிசோதித்தபோது கிடைத்தது பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியா. இதைப் படித்த அன்று நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நம் ஊரில் மழைக்காலத்துக்கு முன்னால் மாட்டுக்கும் எருமைக்கும் ஊசி போடுகிறோமே, தொண்டை அடைப்பான், அதே கிருமி.

அது எங்கிருந்தோ வந்து தொற்றியதில்லை. ஆரோக்கியமான மானின் தொண்டையிலேயே சாதுவாகக் குடியிருப்பது. அந்த ஆண்டு மே மாதத்தில் சில நாள் வழக்கத்துக்கு மாறான வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தன. வறண்ட காற்றுக்குப் பழகிய உடலில், தூங்கிக்கொண்டிருந்தது இரத்தத்தில் இறங்கிவிட்டது. தண்ணீர் போதாத நிலத்தில் காற்றின் ஈரம் சற்றே கூடியதற்கே இந்தக் கதி.

அப்படியும் சைகா மீண்டது. 2024 கணக்கில் 28 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டுச் செம்பட்டியலிலும் அபாயப்படி இறங்கியது. பெண்மான் இரட்டைக்குட்டி போடும், அதுதான் அதன் பலம். இப்போது மேற்கு மாவட்டங்களில் வயலை மிதித்துப் பாழாக்குகிறது என்று உழவர்கள் கொதிக்கிறார்கள். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு வந்துவிட்டது. தராசு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று அங்கேயும் இருவர் இருப்பார்கள்.

தராசு

இந்த முறை நான் மான் பக்கம். ஆனால் பயிருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும்.

ஒரு செய்தி: அண்மைக்காலமாக எங்களைத் தவிக்க விடுவது மான் இல்லை, மழை. 2023-இல் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கதிரிலேயே முளைத்த கோதுமையைப் பார்த்திருக்கிறீர்களா? மாவுக்கு ஆகாது; தீவன விலைக்குத்தான் போகும்.

வரைபடப்பித்தன்

அந்த மழையின் மறுபாதி 2024 ஏப்ரலில் வந்தது. இலையுதிர்காலத்தில் நனைந்த மண் அப்படியே உறைந்தது. மேலே நல்ல பனி. வசந்தத்தில் திடீரென்று சூடு. உறைந்த மண் தண்ணீரை உள்ளே விடாது. மண்வாசகர் சொன்ன "பாதிப் பயிர்" முழுக்க ஆற்றில் இறங்கியது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். உங்கள் மகள் போன பெட்ரோபாவல் நகரம் எசில் ஆற்றில் மிதந்தது. எண்பது ஆண்டுகளில் இப்படி இல்லை என்று அந்நாட்டு அதிபரே சொன்னார்.

கரிசல்காட்டுக்காரன்

மண்வாசகர் சொன்ன சோதனையை மகளிடம் சொன்னேன். நவம்பர் ஆகிவிட்டதாம். "மண் கல்லாகிவிட்டது சித்தப்பா, கடப்பாரை வேண்டும்" என்கிறாள். மே வரை பொறுங்கள்.

கரிசல்காட்டுக்காரன்

ஆறு மாதம் கழித்து இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். சொன்ன சொல்லுக்காக வந்தேன்.

போன வாரம் ஊருக்கு வெளியே போயிருக்கிறாள். புல்லுக்கு நடுவே மஞ்சளும் சிவப்புமாகக் காட்டுத் துலிப் பூத்திருந்ததாம். பூவைப் பறிக்கவில்லை, பக்கத்தில் ஒரு பிடி மண்ணைத் தோண்டி வீடியோவில் காட்டினாள். மண்வாசகர் சொன்னது சரி. கறுப்பு இல்லை, கரும்பழுப்பு. சுக்குக் காப்பித் தூள் நிறம். நனைத்து உருட்டினாள். உருண்டை நிற்கவில்லை, குருணை குருணையாக உதிர்ந்தது. கையிலும் அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் அந்த ஒரு பிடியில் வேர்தான் அதிகம். நூல்கண்டைப் பிய்த்தது போல. மண்ணை உதறி உதறி, கடைசியில் அவள் கையில் வேர்ப்பந்து ஒன்றுதான் மிஞ்சியது.

ஜூலையில் விடுமுறைக்கு வருகிறாள். அந்த வேரோடு ஒரு பிடி மண்ணைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லட்டுமா? என் கரிசலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை.

மண்வாசகர்

வேண்டாம் ஐயா. அனுமதியில்லாமல் வெளிநாட்டு மண்ணை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. விமான நிலையத்தில் பிடித்தால் பிள்ளைக்குத் தொல்லை. வீடியோவைச் சேமித்து வையுங்கள். குருத் நாலு உருண்டை வாங்கிவரச் சொல்லுங்கள், டாக்டரும் சந்தோஷப்படுவார்.

கரகந்தா2011

எட்டு உருண்டையாக வாங்கிவரச் சொல்லுங்கள். திண்டுக்கல் வழியாகத்தானே விளாத்திகுளம் போவாள்.